ஆளில்லாமல் ஓடிய மின்விசிறிகள்

ஏப்ரல் 3, திங்கள்

சர்க்கரை மாத்திரை போட மறந்துவிட்டேன். ரேஷன் கடையில் துவரம்பருப்பு இன்னும் வரவில்லை.

காலையில் நேர்முக உதவியாளர், எங்கள் வாயில் பி.ஏ., கூப்பிட்டனுப்பினார். ஆட்சியருக்கு அடுத்தபடி இந்தக் கட்டடத்தின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். அரசுக் கட்டடங்களில் மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். நான்கு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பு அலுவலர் தேவை. "வீட்லயே ஒத்தை லைட்டுல குடும்பம் நடத்துறவர் நீங்கதான்னு சொல்றாங்க, கலியபெருமாள்" என்று சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டிவிட்டார். வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஒருவனுக்கு எத்தனை விளக்கு வேண்டும்?

மதியம் வேதவல்லியிடம் சொன்னேன். என் பிரிவில் உதவியாளர். பதினாறு வருடமாக ஒரே அறை, பதினாறு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. "இனிமே ரசத்தையும் சிக்கனமா வைப்பீங்களா சார்? இப்பவே அதுல மிளகோட பேர் மட்டும்தான் இருக்கு" என்றார். நானேதான் சமைக்கிறேன். என் மனைவி போய்ப் பதினோரு வருடமாகிறது. வேதவல்லியின் கணவர் போய் இருபத்திரண்டு வருடம். ஆனால் அவர் சாகவில்லை, இன்னொரு பெண்ணோடு போய்விட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஏப்ரல் 5, புதன்

கட்டடம் முழுக்கச் சுற்றினேன். மூன்று மாடி, நாற்பத்தெட்டு அறை, முன்னூற்றுப் பன்னிரண்டு மின்விசிறி. முழங்கால் விட்டுப்போயிற்று.

பட்டப்பகலில் எல்லா அறையிலும் டியூப்லைட் எரிகிறது. காரணம் தேட வேண்டியதில்லை. ஜன்னலை அடைத்துப் பீரோக்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சூரியனை வெளியே நிற்க வைத்துவிட்டு விளக்குப் போட்டுக் கோப்பு பார்க்கிறோம். எங்கள் அறையிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று மூன்று பீரோக்களை நகர்த்தச் சொன்னேன். பின்னால் ஒரு பழைய காலண்டர், ஒரு செத்த பல்லி, காணாமல் போய்விட்டதாக விசாரணையே நடந்து முடிந்த ஒரு கோப்பு.

வெளிச்சம் நேராக வேதவல்லியின் மேசையில் விழுந்தது. "சார், என் நரையெல்லாம் வெளிய தெரியுது" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வந்து, "லைட்டை அணைங்க மேடம்" என்று சொன்னேன்.

ஏப்ரல் 6, வியாழன்

மின்சாரம் எங்கே வீணாகிறது என்பது முப்பத்து நான்கு வருடமாக எனக்குத் தெரிந்த ரகசியம்தான். நம் அலுவலகங்களில் மின்விசிறி காற்றுக்காக மட்டும் ஓடுவதில்லை. ஆள் இருக்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி. மேசையில் ஒரு கோப்பைப் பிரித்து வைத்து, அதன்மேல் மூடி கழற்றிய பேனாவை வைத்து, விசிறியை ஓடவிட்டுப் போனால் அவர் 'சீட்டில் இருக்கிறார்'. யாராவது கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் "இப்பத்தான் எழுந்து போனார்" என்பார். விசிறியை நிறுத்திவிட்டுப் போனால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. அடுத்தவர் விசிறியில் கைவைப்பது அவர் மானத்தில் கைவைப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

யோக்கியன் மாதிரி எழுதக்கூடாது. என் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று நானும் இரண்டு மணி நேரம் விசிறியை ஓடவிட்டுத்தான் போனேன்.

ஏப்ரல் 10, திங்கள்

கையில் ஒரு தாளோடு காலை பதினொரு மணிக்கு மாடி மாடியாக ஏறி, ஆளில்லாமல் ஓடும் விசிறிகளை எண்ணினேன். அறுபத்தேழு. என்னைக் கண்டதும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அடித்துப் பிடித்து உள்ளே ஓடினார்கள். நல்ல வேடிக்கை.

திரும்பி என் அறைக்கு வந்தால் வேதவல்லியின் இருக்கை காலி. விசிறி ஓடுகிறது. கோப்பு பிரித்தபடி இருக்கிறது, மேலே பேனா. பன்னிரண்டு பத்துக்குத்தான் வந்தார், முகமெல்லாம் வியர்வை. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, புதன்

இனி ஒவ்வொரு நாளும் பதிவேடு வைக்க வேண்டும். மேலிடத்திலிருந்து வந்த மாதிரிப் படிவத்தில் ஆறு பத்திகள்: தேதி, அறை எண், விசிறி எண், கண்ட நேரம், நிறுத்திய நேரம், குறிப்பு. இதை வைத்துக்கொண்டு யாரைத் திருத்த முடியும்? ஸ்கேல் வைத்து ஏழாவது பத்தி ஒன்றை நானே போட்டேன். 'இருக்கைக்குரியவர்'. பெயர் இருந்தால்தான் பயம் வரும்.

இன்றும் பதினொன்று ஐந்துக்கு வேதவல்லி எழுந்து போனார். நேற்றும்தான். பதிவேட்டில் ஏற்றவில்லை. தனித்தாளில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் நாள், விடுமுறை. மாங்காய்ப் பச்சடி செய்தேன், வேப்பம்பூ அதிகமாகிவிட்டது. ஓசூரிலிருந்து மகள் பேசினாள். "அடுத்த வருஷம் ரிட்டையர் ஆயிட்டா தனியா என்னப்பா பண்ணுவ? இங்க வந்துரு" என்றாள். யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

யோசனை வேறு ஒன்று இருக்கிறது. வேதவல்லியிடம் கேட்க வேண்டும். இந்த மின்சார வேலை ஓயட்டும், மே மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்துக் கேட்கலாம். அவர் சிரித்தால் நானும் சிரித்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 17, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் வாசலைத் தாண்டியதும் நானே எழுந்து அவர் விசிறியை நிறுத்திவிடுகிறேன். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திரும்பப் போட்டுவிடுகிறேன். மின்சாரமும் மிச்சம், அவர் மானமும் மிச்சம். பிரிவில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

அந்தோணிசாமி, எங்கள் பிரிவின் அலுவலக உதவியாளர், தபால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "வேதவல்லி மேடத்தை டெய்லி பெரியாஸ்பத்திரி கேட்டுல பாக்குறேன் சார். கையில தூக்கு. ஆம்பளைங்க வார்டுக்குள்ள போறாங்க."

"அதனால என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். சொன்னேன்."

பெரியாஸ்பத்திரி எங்கள் வளாகத்துக்கு எதிர்ப்பக்கம்தான். ரோட்டைக் கடந்தால் போதும். அந்தோணிசாமிக்குப் பார்க்க வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 24, திங்கள்

மதியம் சாப்பிடும்போது, "உடம்புக்கு ஏதாவதா மேடம்?" என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றார். நான் கொடுத்த மோர் மிளகாயைத் தொடவே இல்லை. பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் மறைத்தது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தது, பல் பிடுங்கியது, சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போனது, எல்லாவற்றையும் முதலில் என்னிடம்தான் சொல்வார்.

ஏப்ரல் 27, வியாழன்

சர்க்கரை மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுக்கும் இடத்தில் நீண்ட வரிசை. வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ஆண்கள் வார்டுப் பக்கமாகச் சுற்றி வந்தேன். அந்த வழியில்தான் நிழல் இருக்கிறது. வார்டு ஜன்னல் ஓரம் சற்று நேரம் நின்றேன்.

உள்ளே ஒரு கட்டிலில் ஒரு ஆள். ஒரு பக்கம் கைகால் விளங்காமல் கிடந்தார். வாய் கோணியிருந்தது. தாடி நரைத்திருந்தாலும் அவர் வேதவல்லியின் கணவர் ஜெயவேல்தான் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் அலுவலக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி வேதவல்லிக்காகக் காத்திருப்பாரே, அதே ஆள். வேதவல்லி ஸ்பூனில் கஞ்சி கொடுத்தால் பாதி வெளியே வழிகிறது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த ஸ்பூன். அவசரமே இல்லாமல்.

மற்றபடி விசேஷமில்லை. வரும் வழியில் வாழைக்காய் வாங்கினேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

பென்சிலில் இருந்ததை மையில் ஏற்றினேன். விசிறி எண் 14, வேதவல்லி, பதினொன்று ஐந்து முதல் பன்னிரண்டு பத்து வரை. பத்தாம் தேதியிலிருந்து நேற்று வரை வேலை நாள் ஒன்று விடாமல். பதின்மூன்று வரிகள். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மதியம் வெளியே ஓட்டலில் சாப்பிட்டேன். பிடிக்கவில்லை.

மே 3, புதன்

ஏப்ரல் மாதப் பதிவேட்டை நேர்முக உதவியாளரிடம் வைத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் மிச்சம் பண்றதுக்குப் பேரு எதுக்குங்க? இந்தப் பேர்ப் பத்தியை எடுத்துட்டு சுத்தமா ஒரு பிரதி குடுத்துருங்களேன்" என்றார்.

"இருக்கட்டும் சார். பேர் இருந்தாத்தான் திருந்துவாங்க" என்றேன்.

மறுபடி புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "உங்க செக்‌ஷன் ஆளையே எழுதியிருக்கீங்க. தினமும் ஒரு மணி நேரம்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நேர்மைன்னா இதான்யா."

நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 8, திங்கள்

இருநூறு விசிறிகளை மாற்ற ஒப்புதல் வந்துவிட்டது. புதியவை பழையதில் பாதி மின்சாரம்கூட எடுக்காது. குளிர்சாதனங்களை இருபத்தாறு டிகிரிக்குக் கீழே வைக்கக்கூடாது என்று எல்லா அதிகாரி அறையிலும் ஒட்டிவிட்டேன். ஏப்ரலில் மட்டும் ஆயிரத்து நானூறு யூனிட் குறைந்திருக்கிறது. சித்திரை வெயிலில் இதைச் சாதிப்பது லேசான காரியமில்லை.

வேதவல்லி பழையபடி பதினொன்று ஐந்துக்குப் போகிறார், வருகிறார். அவர் விசிறியை நான் இப்போது தொடுவதில்லை.

மே 16, செவ்வாய்

இன்று அவரே கேட்டார். "என்ன சார், ரெண்டு வாரமா ஓட்டல் சாப்பாடு? என் மேல ஏதும் வருத்தமா?"

வயிறு சரியில்லை என்றேன். வயிறு சரியில்லாதவன் ஏன் ஓட்டலில் சாப்பிடுகிறான் என்று அவர் கேட்கவில்லை.

மே 24, புதன்

ஒன்பது பேருக்கு விளக்கம் கேட்டு மெமோ. 'அலுவலக நேரத்தில் இருக்கையில் இல்லாமை.' ஆதாரம்: மின் சிக்கனப் பதிவேடு. மெமோவோடு என் கையெழுத்துப் பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறார்கள். நான் மின்சாரத்துக்காக வைத்த பதிவேடு எந்தப் பிரிவுக்குப் போய் எப்படி மாறி வந்தது என்று கேட்க ஆளில்லை.

எட்டுப் பேருக்கு ஒரு வரி, இரண்டு வரி. 'பதிவறைக்குச் சென்றிருந்தேன்', 'கருவூலத்துக்குச் சென்றிருந்தேன்' என்று சாயங்காலத்துக்குள் பதில் எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். வேதவல்லிக்குப் பதின்மூன்று வரி, ஒரே நேரம். அவர் அந்த நகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். நிமிர்ந்து என் பக்கம் பார்ப்பார் என்று இருந்தேன். பார்க்கவில்லை.

மே 26, வெள்ளி

மதியம் எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவர் வந்துட்டார். ஜெயவேல்."

நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மார்ச் மாசம் பக்கவாதம் வந்துச்சு. ஏப்ரல்ல அந்தம்மா வீட்டு ஆளுங்க பெரியாஸ்பத்திரியில கொண்டாந்து போட்டுட்டு, என் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. பையன் ஒரே பேச்சா சொல்லிட்டான். அந்தாளை நீ போய்ப் பார்த்தேன்னு தெரிஞ்சா எனக்கு அம்மாவும் இல்லைன்னுட்டான். யார்கிட்ட சார் சொல்லுவேன்? நம்ம ஆபீஸ்ல சொன்னா சிரிக்க மாட்டாங்களா, விட்டுட்டுப் போனவனுக்கு இவ கஞ்சி ஊத்துறான்னு?"

"லீவு போட்டிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"லீவெல்லாம் பையன் கல்யாணத்துலயே தீர்ந்துபோச்சு. பதினொன்றரைக்கு மாத்திரை குடுப்பாங்க, அதுக்கு முன்ன வயித்துல ஏதாவது போகணும். நர்சம்மா குடுத்துப் பாத்தாங்க, வாயை இறுக்கி மூடிக்கிறார். எனக்கு மட்டும்தான் திறக்கிறார். பாவமா புண்ணியமான்னு எனக்கே தெரியல சார். ஒரு காலத்துல இவர் செத்தா சந்தோஷப்படணும்னு நினைச்சிருக்கேன். வழியில போற நாய் வாய் திறந்தாலும் ஒரு வாய் போடத்தானே செய்வோம்."

பிறகு மெதுவாகக் கேட்டார். "பி.ஏ. சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பதினொண்ணுலேருந்து பன்னண்டு மட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தை அதுல கழிச்சுக்கிறேன், சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட உக்கார்றேன். வேற எதுவும் வேண்டாம்."

பார்க்கிறேன் என்றேன். பதிவேட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மே 29, திங்கள்

நேர்முக உதவியாளரைப் பார்த்தேன். பாதி சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "எழுதினது நீங்க. பேர் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்க. இப்ப நீங்களே ஒரு ஆளை மட்டும் விடச் சொன்னா மத்த எட்டுப் பேரு என்ன பேசுவான்? பொம்பளை விவகாரம்னு பேசுவான். தேவையா உங்களுக்கு, ரிட்டையர் ஆகுற நேரத்துல?"

அந்த ஒரு சொல்லோடு எழுந்துவிட்டேன். வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். வேதவல்லியிடம், 'சொல்லியிருக்கிறேன், பார்ப்போம் என்றார்' என்று சொன்னேன்.

மெமோவுக்கு அவர் கொடுத்த பதிலைப் பார்த்தேன். பதிவறை, கருவூலம் எதையும் எழுதவில்லை. 'பட்டியலில் கண்டவை உண்மை' என்று ஒரே வரி.

ஜூன் 9, வெள்ளி

மாறுதல் ஆணை வந்துவிட்டது. நிர்வாக நலன் கருதி, கருவேலம்பட்டி வட்டாட்சியர் அலுவலகம். அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு பஸ். காலை ஏழு மணிக்கு ஏறினால் பத்துக்குப் போகலாம்.

ஜூன் 12, திங்கள்

விடுவிக்கப்பட்டார். விடுவிப்புக் குறிப்பில் பிரிவுக் கண்காணிப்பாளர் என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

மேசையைத் துடைத்து, இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். "ஆஸ்பத்திரியில ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணியிருக்கேன் சார், பதினோரு மணிக்கு வந்து ஊட்டிவிடும். நல்ல அம்மாதான். வாயைத் திறக்கணுமே" என்றார். நானும் ஏதோ சொன்னேன்.

நான் போய் ஊட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ரோட்டைக் கடந்தால் போதும்.

ஜூன் 13, செவ்வாய்

ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

சர்க்கரை இருநூற்றெழுபது. டாக்டர் திட்டினார். மாத்திரை வாங்கப் போனபோது ஆண்கள் வார்டு வரை போனேன். அந்த அம்மாள் தட்டை வைத்துக்கொண்டு, "ஆ காட்டுங்க ஐயா, ஆ காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஜெயவேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நான் நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆள் பாதியாகிவிட்டார்.

ஜூலை 6, வியாழன்

ஜெயவேல் காலை பதினொன்று இருபதுக்கு இறந்துவிட்டார். அந்தோணிசாமிதான் வந்து சொன்னார். தொலைபேசியில் தகவல் போய், வேதவல்லி வந்து சேர மணி நாலாகிவிட்டது. அதுவரை உடல் அங்கேயே கிடந்தது. அந்தோணிசாமி கூட இருந்தார். நான் இங்கே மின் அளவிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை எங்கேயாவது எழுதியாக வேண்டும். இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த மனிதன் கடைசியில் கேட்டது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வேதவல்லி கேட்டதும் அதே ஒரு மணி நேரம்தான். அதை எடுத்தது நேர்முக உதவியாளர் இல்லை. சுற்றறிக்கை இல்லை. நான். சுற்றறிக்கையோடு வந்த படிவத்தில் ஆறு பத்திகள்தான் இருந்தன.

ஜூலை 7, வெள்ளி

சுடுகாட்டுக்குப் போனேன். மகன் வந்திருந்தான், கொள்ளி வைத்தான், யாரோடும் பேசவில்லை. எட்ட நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

நான்கு மாதத்தில் இருபத்தொரு சதவீதம் குறைந்திருக்கிறது. மாவட்டத்தில் முதலிடம். சுதந்திர தின விழாவில் ஆட்சியர் கையால் பாராட்டுச் சான்றிதழ். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, 'தன் பிரிவினரிடமும் பாரபட்சம் காட்டாதவர்' என்று வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது அந்தோணிசாமி கையைப் பிடித்து இறக்கிவிட்டார், என் முகத்தைப் பார்க்காமலே.

ஆகஸ்ட் 18, வெள்ளி

தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு கருவேலம்பட்டிக்குப் போனேன். இரண்டு பஸ். இரண்டாவதில் உட்கார இடமில்லை. இதைத்தான் அவர் தினமும் இருமுறை செய்கிறார்.

வட்டாட்சியர் அலுவலகம் ஓட்டுக் கட்டடம். வேதவல்லி என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார். மெலிந்திருந்தார். பழக்கதோஷத்தில் "சாப்ட்டீங்களா சார்?" என்றார். வெளியே புங்கமரத்தடியில் மனு எழுதுபவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பையன் இப்போது பேசுகிறானாம். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம். என் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். இப்படியே பேசிவிட்டுக் கிளம்பிவிடலாம் போலிருந்தது.

அவர்தான் ஆரம்பித்தார். "கோவமாக் கேக்கல சார். ஒரே ஒரு விஷயம் மட்டும் புரியல. விதிப்படின்னா முதல் நாளே எழுதியிருப்பீங்க. நீங்க எழுதல. நான் போனதும் என் ஃபேனை நிறுத்துவீங்க, வர்றதுக்குள்ள போட்டு வைப்பீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்க. சுவிட்சுல விரல் பட்ட சுண்ணாம்பு இருக்கும், நீங்க வெத்தலை போடுறவரு. அப்புறம் ஏன் சார் ஒரே நாள்ல பதிமூணு வரி?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "பொறாமை மேடம்" என்றேன்.

"யார் மேல?"

"ஜெயவேல் மேல."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன் என்றேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் ஐம்பத்தேழு வயதாகிறது, இப்படி ஒரு பேச்சைப் பேச வெட்கமாக இருந்தது. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்களைப் பார்த்தேன். ஜன்னல்ல நின்னு பார்த்தேன். மறுநாள்தான் எழுதினேன்" என்று முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார்.

நிமிர்ந்தேன்.

"நீங்க நின்னதை நானும் பாத்தேன் சார். நீங்களா சொல்லாததால நானும் காட்டிக்கல. முதல்ல பதறிப்போச்சு. அப்புறம் உங்க முகத்தைப் பாத்தேன். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைச்சீங்க." அவர் புங்கமரத்து வேரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சரி, நம்மளப் புரிஞ்சுக்க ஒரு மனுசன் இருக்காரு, இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம்னு இருந்துச்சு. இத்தனை நாள்ல அன்னைக்கு ஒருநாள்தான் நான் மணியைப் பாக்காம ஊட்டினேன். எனக்காக அழுவறீங்கன்னு நினைச்சேன் சார்."

உள்ளேயிருந்து யாரோ ஒரு கோப்பைக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இதோ வருகிறேன் என்று எழுந்து போனார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். அவர் திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.